டயாலிசிஸ் நடுவில் பிபி இறங்குவது: எந்த ஆய்வு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு, ட்ரை வெயிட் (மிகுதி நீரெல்லாம் எடுத்த பின் இருக்க வேண்டிய எடை) 52 கிலோ. வாரம் இரண்டு முறை, நான்கு மணி நேர டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ ஏறி வருகிறார். மூன்றாவது மணி நேரத்தில் பிபி 80-க்கு இறங்கி, கால் இழுத்துப் பிடித்து, வாந்தி வருகிறது. சலைன் ஏற்றிச் சமாளிக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு. இதற்காக நடந்த கிளினிக்கல் டிரயல்களில் எது பலித்தது, உங்கள் மருத்துவமனையில் சேரச் சொல்லும் ஆய்வில் சேரலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மெஷின் திரையில் தெரியும் பிபி எண் ஏறுமா என்பது ஒன்று. அம்மா நன்றாக இருப்பாரா, அவர் இதயமும் மூளையும் காக்கப்படுமா, ஆயுள் கூடுமா என்பது இன்னொன்று. இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்குத்தான் பதில் தேடின. இரண்டாவது கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வுகள் மிகக் குறைவு. சிறுநீரக மருத்துவத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். நோயாளியின் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிபி ஏன் இறங்குகிறது என்று பார்க்கலாம். உங்கள் அம்மாவின் உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சுமார் இரண்டரை லிட்டர் இருக்கும். நான்கு மணி நேரத்தில் மெஷின் எடுப்பதோ மூன்று லிட்டருக்கும் மேல். அப்படியிருந்தும் அவர் உயிரோடு எழுந்து வருகிறார் என்றால், திசுக்களில் தேங்கிய நீர் கசிந்து வந்து ரத்தக் குழாய்களை மீண்டும் நிரப்புகிறது என்று பொருள். கிணற்றில் ஊறும் வேகத்தை மிஞ்சி இறைத்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆகிறது. அப்போது உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை வேகமாக அடிக்க வைத்தும் ஈடுகட்டப் பார்க்கும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் அந்தத் தானியங்கி நரம்புகள் பழுதுபட்டிருக்கும். இதயத் தசை தடித்து விறைத்திருந்தால், உள்ளே வரும் ரத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளியே தள்ளும் அளவு சட்டென விழும். இதோடு, டயாலிசிஸின்போது உடல் உள்வெப்பம் மெல்ல ஏறும். ஏறினால் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். நடுவில் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போகும். ஆய்வு செய்யப்பட்ட ஒவ்வொரு சிகிச்சையும் இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியைத்தான் பிடிக்கிறது. அதனால்தான் ஒன்றுமே எல்லோருக்கும் பலிப்பதில்லை.

ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ‘பிபி இறக்கம்’ என்று அவர்கள் எதைக் கணக்கிட்டார்கள் என்பதை. அமெரிக்க வழிகாட்டி நெறியின்படி, மேல் எண் 20 அல்லது சராசரி அழுத்தம் 10 இறங்கி, கூடவே தொந்தரவும் இருக்க வேண்டும். வேறு சில ஆய்வுகள் தொந்தரவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அமெரிக்கச் சிறுநீரக ஆய்வாளர் ஜெனிஃபர் ஃப்ளைத்தின் குழு 2015-ல் பல வரையறைகளை ஒப்பிட்டபோது, மேல் எண் எவ்வளவு இறங்கியது என்பதைவிட, எந்த அடிமட்டத்தைத் தொட்டது என்பதுதான் மரணத்தோடு வலுவாகத் தொடர்பு கொண்டிருந்தது: டயாலிசிஸுக்கு முன் 160-க்குக் கீழ் இருப்பவர்களுக்கு 90-க்குக் கீழ், 160 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு 100-க்குக் கீழ். ஆக, 150-லிருந்து 125-க்கு இறங்குவதும் 120-லிருந்து 80-க்கு இறங்குவதும் ஒன்றல்ல. உங்கள் அம்மாவுக்கு நடப்பது எந்த வரையறையிலும் அடங்கும். ஆனால் ஓர் ஆய்வு ‘பிபி இறக்கத்தைப் பாதியாகக் குறைத்தோம்’ என்று சொன்னால், எந்த இறக்கத்தை என்று கேளுங்கள்.

அதிகம் ஆராயப்பட்ட வழி, டயாலிசேட் திரவத்தின் (ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷினில் ஓடும் திரவத்தின்) வெப்பநிலையைக் குறைப்பது. இத்தாலியில் சிறுநீரக மருத்துவர் மஜ்ஜோரே 1980-களின் தொடக்கத்தில் கவனித்து எழுதியது இது. செலவில்லை, மருந்தில்லை, மெஷினில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அதன் பிறகு டஜன் கணக்கில் சிறு ஆய்வுகள் வந்தன. 2016-ல் 26 ஆய்வுகளைத் தொகுத்தபோது பிபி இறங்கும் நிகழ்வுகள் சுமார் 70 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த 26 ஆய்வுகளிலும் சேர்த்து இருந்தவர்கள் 484 பேர்தான். பெரும்பாலானவை சில வாரங்கள் மட்டும் நடந்தவை. நோயாளிக்கும் நர்ஸுக்கும் எது குளிர்ந்த திரவம் என்று தெரிந்தே நடந்தவை. தொகுத்தவர்களே ஆதாரத்தின் தரம் குறைவு என்றுதான் குறித்தார்கள். இவற்றுக்கிடையே உறுதியாக நிற்பது, மஜ்ஜோரே தலைமையில் ஐரோப்பாவின் 27 மையங்களில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு. அதில் அடிக்கடி பிபி இறங்குபவர்களை மட்டுமே சேர்த்தார்கள்; 95 பேர் ஆய்வை முடித்தார்கள். உடல் வெப்பம் ஏறாதபடி மெஷின் தானாகத் திரவத்தைச் சரிசெய்த முறையில், 12 டயாலிசிஸில் 6 முறை பிபி இறங்கியது 3 முறையாகக் குறைந்தது.

பிறகு வந்தது மைடெம்ப். இந்தத் துறையில் இவ்வளவு பெரிய ஆய்வு முன்பு நடந்ததில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 84 டயாலிசிஸ் மையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் உடல் வெப்பத்தைவிட 0.5 முதல் 0.9 டிகிரி செல்சியஸ் குறைவாக, ஆனால் 35.5-க்குக் கீழ் போகாமல். மறு பாதியில் எல்லோருக்கும் 36.5. 2017 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை 15,413 நோயாளிகள். இந்த ஆய்வு கேட்டது இரண்டாவது கேள்வியை: இதய நோயால் மரணம், அல்லது மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்காக மருத்துவமனையில் சேர்வது. விடை 2022-ல் லான்செட் இதழில் வந்தது. குளிர்ந்த பிரிவில் 21.4 சதவீதம், வழக்கமான பிரிவில் 22.4 சதவீதம், கணக்கீட்டுக்குப் பின் வேறுபாடு இல்லை. பிபி இறங்கிய சராசரி அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 26.6-க்கு 27.1. குளிர்ந்த பிரிவில் இருந்தவர்கள் குளிரெடுப்பதாகச் சொன்னது மட்டும் அதிகம்.

இதைப் படித்துவிட்டு ‘கூல் டயாலிசிஸ் வேலை செய்யாது’ என்று பல மையங்களில் முடிவுகட்டிவிட்டார்கள். அது அவசர முடிவு என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். நடைமுறையில் இரு பிரிவுகளின் சராசரி வெப்பநிலை 35.8-ம் 36.4-ம்தான், இடைவெளி அரை டிகிரியைச் சற்றே தாண்டியது. பழைய சிறு ஆய்வுகளோ 35-ஐயோ 35.5-ஐயோ, 37-ஐ ஒட்டிய திரவத்தோடு ஒப்பிட்டன. அடுத்தது, மைடெம்ப்பில் எல்லா நோயாளிகளும் சேர்ந்தார்கள். பிபி ஒருபோதும் இறங்காதவர்களும் அதில் பெருவாரியாக இருந்தார்கள். பிபி இறக்கம் என்று எழுதப்படுவது எல்லா டயாலிசிஸ்களிலும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஒன்றை ஒட்டித்தான். அந்தக் கூட்டத்தின் சராசரியில் உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் பலன் கரைந்துபோயிருக்க இடமுண்டு. எனவே உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஒரு மையத்தில் உள்ள எல்லோருக்கும் திரவத்தை அரை டிகிரி குறைப்பதால் இதய நோயோ மரணமோ குறையாது. அடிக்கடி பிபி இறங்கும் ஒருவருக்கு அந்த நேரத்து இறக்கமும் தொந்தரவும் குறைய நல்ல வாய்ப்புண்டு. அதனால் அவர் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதற்கிடையே இங்கிலாந்தில் 73 பேரை வைத்து நடந்த ஆய்வில், உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குறைவாகக் கொடுத்தவர்களுக்கு ஓராண்டில் மூளையின் வெண்பொருள் சேதமடையவில்லை. மற்றவர்களுக்குச் சேதம் தெரிந்தது. நம்பிக்கை தருகிறது. ஆனால் ஸ்கேனில் தெரியும் மாற்றமும் நினைவாற்றலும் ஒன்றல்ல, எண்ணிக்கையும் சிறியது. அதனால் அதைச் சந்தேகப் பட்டியலில்தான் வைக்கிறேன்.

நடைமுறையில் செய்வது எப்படி: டயாலிசிஸ் தொடங்கும் முன் காதிலோ வாயிலோ வெப்பநிலை எடுக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் பலருக்கு உடல் வெப்பமே 36-ஐ ஒட்டித்தான் இருக்கும். அவர்களுக்கு 37 டிகிரியில் திரவம் ஓட்டினால் சூடேற்றுகிறோம் என்று பொருள். அளந்த எண்ணிலிருந்து அரை டிகிரி குறைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் 35.5 வரை போகலாம். நடுக்கம் வந்தால் அரை டிகிரி ஏற்றிவிட வேண்டும். கம்பளி போர்த்துவது வசதிக்காகச் செய்யலாம். ஆனால் நடுங்க நடுங்க எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை; நடுக்கமே வெப்பத்தை உண்டாக்கிவிடும். நம் ஊரில் வாரம் இருமுறை படுக்கும் வயதான அம்மாக்கள் ஏசி அறையில் ஏற்கெனவே குளிரில் இருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் எண்ணை வைக்க வேண்டும். இன்னொன்று: அன்று காய்ச்சல் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் காய்ச்சலின் காரணத்தைத் தேட வேண்டும்.

அடுத்தது மிடோட்ரின் மாத்திரை. டயாலிசிஸுக்கு அரை மணி நேரம் முன் 5 அல்லது 10 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம், 2.5-ல் தொடங்குவதே பாதுகாப்பு. உடலுக்குள் போய் இன்னொரு வேதிப்பொருளாக மாறி ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அந்தப் பொருளை டயாலிசிஸ் வெளியேற்றிவிடும் என்பதால் சிலருக்கு நடுவில் இன்னொரு வேளை தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1996-ல் அனுமதி கிடைத்தது, எழுந்து நின்றால் பிபி இறங்கும் நோய்க்குத்தான். டயாலிசிஸில் இறங்குவதற்கு அல்ல. 2004-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, டயாலிசிஸில் தொடும் அடிமட்ட மேல் எண் சுமார் 13 கூடியிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆய்விலும் சிலர், அல்லது சில பத்துப் பேர்தான். மிடோட்ரினையும் குளிர்ந்த திரவத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 1999 ஆய்வில் 11 பேர். இரண்டும் சமமாக உதவின, சேர்த்துக் கொடுத்தும் பெரிதாகக் கூடவில்லை. மரணத்தைக் குறைக்கிறதா என்று கேட்ட பெரிய சமவாய்ப்பு ஆய்வு (குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்யும் ஆய்வு) இல்லை. மாறாக, 2018-ல் அமெரிக்க நோயாளிப் பதிவுகளை ஒப்பிட்டபோது மிடோட்ரின் எடுத்தவர்களிடம் மரணமும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகமாக இருந்தன. அதற்கு மருந்தே காரணம் என்று சொல்லிவிட முடியாது; இதயம் பலவீனமானவர்களுக்குத்தானே அதை எழுதுகிறோம். ஆனால் ‘பிபி ஏறியது, ஆகவே நல்லது’ என்ற தர்க்கம் இங்கே முறிகிறது. தலைத்தோல் அரிப்பு, புல்லரிப்பு, சிறுநீர் தேங்குதல், படுத்தால் பிபி எகிறுதல் ஆகியவை பக்கவிளைவுகள். டயாலிசிஸ் நோயாளி நான்கு மணி நேரம் படுத்தே இருப்பதால் கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது நல்லது. இதய அடைப்பு உள்ளவர்களுக்கு இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மெஷின் உதவி பற்றி ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ரத்தம் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்று லைனிலேயே ஒளியால் அளந்து, அதைப் பார்த்து நீர் எடுக்கும் வேகத்தை மாற்றினால் பிபி இறங்காது என்று பலரும் நம்பினார்கள். கிரிட்லைன் கருவியை வைத்து 443 பேரிடம் ஆறு மாதம் நடந்த கிளைம்ப் ஆய்வு 2005-ல் வெளியானது. கருவி வைத்த பிரிவில் மருத்துவமனைச் சேர்க்கை 120, வழக்கமான பிரிவில் 81. மரணம் 8.7 சதவீதத்துக்கு 3.3. ஒப்பீட்டுப் பிரிவின் மரண விகிதம் வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்ததால் ‘கருவி கொன்றது’ என்று யாரும் சொல்வதில்லை. இருந்தாலும் நன்மை இல்லை என்பது தெளிவு. மெஷினே வேகத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் முறைக்கு 2002-ல் இத்தாலிய ஆய்வு ஒன்று சாதகமாக வந்தது. 2017-ல் கனடாவில் 32 பேரிடம் கவனமாகச் செய்தபோது வேறுபாடே தெரியவில்லை. கருவி இருக்கிறது என்பதற்காக ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

உப்பு விஷயத்தில் இரண்டு பக்கமும் இடி. திரவத்தில் சோடியத்தைக் கூட்டினால் அன்றைய பிபி நிற்கும். ஆனால் தாகம் கூடி, அடுத்த முறை அதிக எடையோடு வருவார், அதிகம் எடுக்க வேண்டியிருக்கும், மறுபடி இறங்கும். குறைத்தால் என்ன ஆகும் என்று நியூசிலாந்தில் 99 பேரிடம் ஓராண்டு பார்த்தார்கள். 140-க்குப் பதில் 135 வைத்ததில் இதயத் தசைத் தடிப்பு குறையவில்லை, பிபி இறக்கம் மட்டும் கூடியது. பிபி இறங்கியவுடன் ஏற்றும் சலைனும் உப்புதான்: அரை லிட்டரில் நாலரை கிராம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் அரை லிட்டர் சலைன் போகிறது என்றால் அந்த நீரும் உப்பும் உடம்பிலேயே தங்கிவிடுகின்றன. ‘சலைனைவிட ஆல்புமின் நல்லது, வாங்கி வாருங்கள்’ என்று அந்த ரத்தப் புரதத்தை வெளியே எழுதிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. வீட்டாருக்குக் கையைக் கடிக்கும் செலவு. 2004-ல் 72 பேரிடம் 5 சதவீத ஆல்புமினையும் சலைனையும் யாருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ரத்த ஆல்புமின் 3-க்கும் கீழே போன, உள்நோயாளியாக இருப்பவர்களுக்கு மட்டும் 25 சதவீத ஆல்புமினை முன்கூட்டியே கொடுத்தால் பிபி இறக்கம் குறைவதாக 2021-ல் 65 பேரிடம் ஓர் ஆய்வு காட்டியது. வீட்டிலிருந்து வந்து போகும் உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன்: நீர் எடுக்கும் வேகம். அமெரிக்காவின் ஹீமோ ஆய்வில் இருந்த 1,846 பேரின் தரவை ஃப்ளைத் குழு 2011-ல் மறுபடி அலசியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 10 மி.லி.க்குள் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், 13 மி.லி.க்கு மேல் எடுத்தவர்களுக்கு மரண ஆபத்து சுமார் 1.6 மடங்கு. இது கூர்ந்து பார்த்த கணக்கே தவிர, வேகத்தைக் குலுக்கல் போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. அதை மறைக்கக் கூடாது. குலுக்கல் போட்டுப் பார்க்க முயன்ற டைம் ஆய்வு, அமெரிக்காவில் 266 மையங்களில் 7,035 புதிய நோயாளிகளைச் சேர்த்தது. ஒரு பிரிவுக்குக் குறைந்தது 255 நிமிடம் என்பது திட்டம். நடந்ததோ சராசரி 216 நிமிடத்துக்கு 207 நிமிடம். ஒன்பது நிமிட வேறுபாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அதாவது ‘நேரத்தைக் கூட்டினால் பயனில்லை’ என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நேரத்தைக் கூட்டவே முடியவில்லை என்றுதான் சொல்கிறது. நாற்காலிகள் போதாது, அடுத்த ஷிஃப்ட் காத்திருக்கிறது, நோயாளிக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டு மையங்களிலும் இதே நெருக்கடிதான். ஆனாலும் உடலியங்கியல், பெரும் தரவு, அன்றாட அனுபவம் மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது குலுக்கல் ஆய்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் அம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏறிய எடை 3,000 மி.லி., முடிவில் ரத்தத்தைத் திருப்பி விடும் சலைனும் நடுவில் குடிப்பதும் சேர்த்து 300. மொத்தம் 3,300. அதை 52 கிலோவாலும் 4 மணியாலும் வகுத்தால் கிட்டத்தட்ட 16. இந்த வேகத்தில் எந்த மாத்திரையும் எந்தக் குளிர்ந்த திரவமும் முழுதாகக் கைகொடுக்காது. ஐந்து மணி நேரமாக்கினால் 12.7. ஏறும் எடை 2.3 கிலோவாகக் குறைந்து ஐந்து மணி நேரமும் கிடைத்தால் சரியாக 10. வாரம் மூன்று முறையாக்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ ஏறினால் நான்கு மணியிலேயே 11. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இடைவெளி மூன்று, நான்கு நாட்கள்; அங்கேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. மூன்றாவது முறை செலவாலும் தூரத்தாலும் முடியாது என்றால், இருக்கும் இரண்டையும் அரை மணியாவது நீட்டித் தரக் கேளுங்கள்.

எடை ஏறுவதைக் குறைக்க ‘தண்ணீர் குடிக்காதே’ என்று அம்மாவைத் திட்டிப் பயனில்லை. எட்டு கிராம் உப்பு உள்ளே போனால் உடல் ஒரு லிட்டர் தண்ணீர் கேட்கும், கேட்டே தீரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், கடைச் சாம்பார், பிஸ்கட், இவற்றில் கை வைத்தால்தான் தாகம் அடங்கும். சர்க்கரை அளவு 250, 300 என்று நின்றாலும் தாகம் எடுக்கும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். உப்புக்குப் பதில் என்று கடையில் விற்கும் பொட்டாசியம் உப்பை மட்டும் வாங்கவே கூடாது. டயாலிசிஸ் நோயாளிக்கு அது உயிருக்கு ஆபத்து.

ட்ரை வெயிட் சரியா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். பசி நன்றாகி உடம்பு தேறியவருக்குப் பழைய ட்ரை வெயிட்டையே வைத்திருந்தால், இருக்கும் நீரையெல்லாம் எடுத்துவிட்டு இல்லாததையும் எடுக்கப் பார்ப்போம். கடைசி மணி நேரத்தில் கால் இழுப்பது, வீட்டுக்குப் போன பிறகும் தலைசுற்றல், அன்று முழுவதும் எழ முடியாத அசதி, காலில் வீக்கமே இல்லாதது எல்லாம் அதற்கான அறிகுறிகள். அரை கிலோ கூட்டிப் பார்த்து இரண்டு வாரம் கவனிப்பது வழக்கம். ஆனால் மூச்சு வாங்கினாலோ, முன் பிபி ஏறினாலோ கூட்டியது தவறு. பிபி மாத்திரைகளின் நேரமும் முக்கியம். டயாலிசிஸ் காலையில் என்றால் அன்றைய காலை வேளையைத் தள்ளிப் போடலாமா என்று கேளுங்கள். பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளில் மெட்டோபிரோலாலை டயாலிசிஸ் வெளியேற்றும், கார்வெடிலாலை வெளியேற்றாது. அமெரிக்கப் பதிவுகளில் கார்வெடிலால் எடுப்பவர்களுக்கு பிபி இறக்கம் அதிகம் தெரிந்தது. மருத்துவரிடம் பேசாமல் நீங்களே எதையும் நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. இட்லியோ சாப்பாடோ டயாலிசிஸ் நடுவில் வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட்டு வரலாம். இன்சுலின் போடுபவர் என்றால் சர்க்கரை தாழாமல் பார்த்து, அன்றைய இன்சுலின் அளவை இதற்கேற்ப மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹீமோடயாஃபில்ட்ரேஷன் (டயாலிசிஸோடு ரத்தத்திலிருந்து கூடுதலாக நீரை வடித்து, அதற்கு ஈடாக மாற்றுத் திரவம் செலுத்தும் முறை) பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: ஸ்பெயினில் 906 பேரிடம் நடந்து 2013-ல் வந்த எஷோல் ஆய்வில் மரணம் 30 சதவீதமும், பிபி இறங்கும் டயாலிசிஸ்கள் 28 சதவீதமும் குறைந்தன. ஐரோப்பாவில் 1,360 பேரிடம் நடந்த கன்வின்ஸ் ஆய்விலும் 2023-ல் மரணம் குறைந்ததாகவே வந்தது. இந்தப் பட்டியலில் இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சமவாய்ப்பு ஆய்வில் பதில் கிடைத்தது இதற்கு மட்டும்தான். ஆனால் அந்தப் பலன் ஒரு முறைக்கு 23 லிட்டர் அளவுக்கு மாற்றுத் திரவம் ஓட்ட முடிந்தவர்களுக்கானது. அதற்கு நல்ல ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாய்), அதிக ரத்த ஓட்டம், மிகத் தூய்மையான தண்ணீர் எல்லாம் வேண்டும். உங்கள் மையத்தில் இந்த வசதி இருந்தால், அம்மாவின் ஃபிஸ்டுலாவில் எவ்வளவு ஓட்டம் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று பிபி இறங்கத் தொடங்கினால் அதை ‘டயாலிசிஸில் வருவதுதான்’ என்று விட்டுவிடக் கூடாது. இதயத்தைச் சுற்றி நீர் கோர்த்திருக்கலாம், வலியே இல்லாமல் மாரடைப்பு வந்திருக்கலாம், கத்தீட்டரில் தொற்று இருக்கலாம், குடலில் ரத்தம் கசியலாம். நெஞ்சு வலி, குளிர் காய்ச்சல், கறுத்த மலம், படுத்தால் மூச்சுத் திணறல் இருந்தால் அன்றே ஈசிஜியும் எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். எந்த ஆய்விலும் சேரும் முன் ஒரு எக்கோ எடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, சேரலாமா என்ற கேள்வி. எந்தச் சிகிச்சையை ஆராய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனவே சேர், சேராதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கேட்க வேண்டியவற்றைச் சொல்ல முடியும். மனித ஆய்வுகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்தும் பதிவேட்டில் பதிவாக வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தால்தான் அது ஏற்கும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே தேடலாம், கட்டணமில்லை. அங்கே முதன்மை அளவுகோல் என்ன என்று பாருங்கள்: பிபி எண்ணா, அம்மாவின் தொந்தரவா, மருத்துவமனைச் சேர்க்கையா? ஒப்பீட்டுப் பிரிவுக்கு என்ன கிடைக்கும்? பிபி 80-க்கு இறங்கும் ஒருவரை எதுவும் செய்யாமல் விட்டுவிடும் பிரிவில் போடுவது எனக்கு ஏற்புடையதல்ல. வழக்கமான நல்ல சிகிச்சை இரு பிரிவுக்கும் கிடைக்க வேண்டும். பிபி எவ்வளவு இறங்கினால் ஆய்வை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா? கூடுதல் ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள்? ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு இது சின்ன விஷயமல்ல. தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கவும், இன்னொரு மருத்துவரிடம் காட்டவும் நேரம் தர வேண்டும். கையெழுத்திட்ட பின்பும் எந்த நாளிலும் விலகலாம். விலகியதற்காக டயாலிசிஸ் இடமோ நேரமோ பறிபோகக் கூடாது. புதிய மருந்து என்றால் 2019-ல் வந்த விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. அந்த வரிகள் தாளில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கடைசி எட்டு டயாலிசிஸ் ஷீட்டுகளின் நகலை வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் ஏறிய எடை, எடுத்த நீர், நிமிடங்கள், தொட்ட அடிமட்ட பிபி, ஏற்றிய சலைன் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவர் முன் வையுங்கள். அந்தத் தாளோடு பேசினால் அடுத்த டயாலிசிஸிலேயே ஏதாவது ஒன்று மாறும்.